பல்கலைக்கழகப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் படிப்பது: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு விளக்கம்

ஒரு பல்கலைக்கழக வகுப்பறைக்குள் நடப்பதில் பெரும்பகுதியை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேராசிரியர் கரும்பலகையில் எழுதுவது, மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிக் கணக்குகள், படிக்கச் சொல்லும் நூல்களின் பட்டியல், பழைய வினாத்தாள்கள், பல இடங்களில் அவற்றின் விடைகள்கூட இணையத்தில் கிடைக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண் பட்டியல் கேட்க மாட்டார்கள். பள்ளிப் படிப்பை முடித்தீர்களா என்றுகூடக் கேட்பதில்லை.

வேலைக்காகவும் பட்டத்துக்காகவும் இல்லாமல், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசைக்காகப் படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப் படிப்பவருக்கும் பட்டத்துக்குப் படிப்பவருக்கும் இரண்டு பெரிய வித்தியாசங்கள் உண்டு. பட்டத்துக்குப் படிப்பவர் பாடத்தை முடித்தே ஆக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பட்டத்துக்குப் படிப்பவரைத் தேர்வு என்ற ஒன்று உட்கார வைத்துப் பயிற்சி செய்ய வைத்துவிடும். உங்களை உட்கார வைக்க யாரும் இல்லை. முதல் வித்தியாசம் உங்களுக்குச் சாதகம், இரண்டாவது பாதகம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். பாடத்தை முடிக்கவில்லையே என்று வருந்துகிறார்கள், பயிற்சிகளைச் செய்யாமல் விட்டதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இரண்டு வகைப் பாடங்கள்

இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழகப் பாடங்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் வகையில், பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நடத்திய ஒரு பாடத்தின் பொருட்களை அப்படியே எடுத்து இணையத்தில் வைத்துவிடும். வீடியோ, வகுப்புக் குறிப்புகள், பயிற்சிகள், வினாத்தாள்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பெயரைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நள்ளிரவில் போய்ப் பத்தாவது வகுப்பை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் உங்கள் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆசிரியர் இருக்க மாட்டார், சான்றிதழும் பெரும்பாலும் கிடைக்காது.

இரண்டாவது வகை, இணையத்தில் படிப்பவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. இதில் பெயரைப் பதிவு செய்து சேர வேண்டும். சிறுசிறு வீடியோக்கள், நடுநடுவே கேள்விகள், கணினியே திருத்திக் கொடுக்கும் பயிற்சிகள், சக மாணவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் என்று இருக்கும். சில பாடங்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பலவற்றில் நம் விருப்பப்படி தொடங்கலாம். இந்த வகையைத்தான் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் மூக் (MOOC, அதாவது பெருந்திரளானோருக்குத் திறந்த இணையப் பாடம்) என்கிறார்கள்.

முதல் வகை பரவியதற்குப் பின்னால் ஒரு நல்ல முடிவு இருக்கிறது. 1990களின் கடைசியில் பல பல்கலைக்கழகங்கள் இணையத்தில் பாடங்களை விற்றுப் பணம் பார்க்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணையத்தில் என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. விற்க வேண்டாம், பாடப் பொருட்களை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 2001 ஏப்ரலில் எம்ஐடி அதை அறிவித்தது. 2002இல் 50 பாடங்களோடு ஓபன்கோர்ஸ்வேர் என்ற தளம் வந்தது. இன்று அங்கே 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. அறிவை விற்கும் வாய்ப்பு கையில் இருந்தபோது அதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்த அந்த ஆசிரியர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிறகு பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி 2006இல் ஓபன்லேர்ன் தளத்தையும், யேல் பல்கலைக்கழகம் 2007இல் தன் வகுப்பறை வீடியோக்களையும் திறந்துவிட்டன. இந்தியாவின் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டமும் இந்த வரிசையில் வருவதுதான்.

இரண்டாவது வகையின் கதை 2008இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்ற இருவர் தங்கள் பாடத்தை வெளியாட்களுக்கும் திறந்துவிட்டார்கள். வளாகத்தில் கட்டணம் கட்டிப் படித்தவர்கள் 25 பேர். இணையம் வழியாக இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். 2011இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரூனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இப்படித் திறந்தபோது சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். அந்த எண்ணிக்கை எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங்கும் டாஃப்னி கோலரும் கோர்செரா என்ற பாடத் தளத்தைத் தொடங்கினார்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் சேர்ந்து எட்எக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கின.

எது இலவசம், எது இல்லை

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. முதல் வகையில் குழப்பமே இல்லை, எல்லாம் இலவசம். எம்ஐடி ஓபன்கோர்ஸ்வேரின் பொருட்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டு, வியாபாரத்துக்கு இல்லாமல் பிறருக்கும் கொடுக்கலாம். அதற்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடுதான் அவை வெளியாகின்றன. இணைய இணைப்பு சரியாக இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. இணைப்பு நன்றாக இருக்கும்போது ஒரு பாடம் முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

இரண்டாவது வகையில்தான் கவனம் தேவை. கோர்செரா, எட்எக்ஸ், ஃபியூச்சர்லேர்ன் போன்ற தளங்களுக்குச் சான்றிதழ்க் கட்டணம்தான் முக்கிய வருமானங்களில் ஒன்று. அதனால் பணம் கட்டும் பொத்தான் பெரிதாகவும், இலவசமாகப் படிக்கும் வழி சிறிய எழுத்தில் ஓரமாகவும் இருப்பது வழக்கம். அந்த வழிக்குப் பல பாடங்களில் ஆடிட் என்று பெயர். பணம் கட்டாமல் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவது போன்ற ஏற்பாடு. ஆடிட் முறையில் எவ்வளவு திறக்கும் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். சிலவற்றில் வீடியோக்கள் எல்லாம் திறக்கும், மதிப்பெண் உள்ள பயிற்சிகள் மட்டும் பூட்டியிருக்கும். சிலவற்றில் முதல் பகுதி மட்டும் இலவசம். சிலவற்றில் குறிப்பிட்ட காலம் வரைதான் பார்க்க முடியும். இந்த விதிகளைத் தளங்கள் அடிக்கடி மாற்றுகின்றன. அதனால் ஒரு பாடத்தில் மனதைக் கொடுப்பதற்கு முன்பு, பயிற்சிகள் இலவசமாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். திறக்கவில்லை என்றால் அதே விஷயத்தை வேறு பல்கலைக்கழகம் முழுதாகத் திறந்து வைத்திருக்கிறதா என்று தேடுவதே என் ஆலோசனை. அடிப்படைப் பாடங்களுக்குப் பெரும்பாலும் மாற்று கிடைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. இலவச சோதனைக் காலம் என்று சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்டால், அது இலவசப் பாடம் இல்லை. சில நாட்களுக்குப் பிறகு தானாகப் பணம் எடுக்கும் சந்தா. தெரிந்து சேர்ந்தால் சரி. தெரியாமல் சேர வேண்டாம்.

சான்றிதழ் வேண்டுமா? தனக்காகப் படிப்பவருக்குத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பணம் கட்டினால்தான் ஒழுங்காகப் படிப்பேன் என்று தன்னைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவர்கள் கட்டலாம், அதில் தவறில்லை. காகிதத்தில் ஏதாவது கிடைத்தால் மகிழ்ச்சி என்பவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கும் இடங்களும் உண்டு. ஓபன்லேர்ன் பல பாடங்களுக்குப் பங்கேற்புச் சான்று தருகிறது. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தில் எல்லாப் பயிற்சிகளையும் இறுதித் திட்டப்பணியையும் முடித்தால் இலவசச் சான்றிதழ் உண்டு.

எப்படித் தேர்ந்தெடுப்பது

பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மேய ஆரம்பித்தால் பத்துப் பாடங்களில் சேர்ந்துவிடுவீர்கள், ஒன்றையும் படிக்க மாட்டீர்கள். முதலில் தளத்தை மூடிவிட்டு, உங்களை உறுத்தும் ஒரு கேள்வியை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். பொருளாதாரம் படிக்க வேண்டும் என்பது கேள்வி இல்லை. விலைவாசி ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பது கேள்வி. வானியல் என்பது வெறும் தலைப்பு. நட்சத்திரத்தின் தூரத்தை இங்கிருந்தே எப்படி அளக்கிறார்கள் என்பது கேள்வி. கேள்வி இருந்தால் பாடத்திட்டத்தைப் பார்க்கும்போதே உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துவிடும். சில சமயம் பன்னிரண்டு வாரப் பாடத்தில் மூன்று வாரம்தான் உங்கள் கேள்வியைத் தொடும். அந்த மூன்று வாரத்தை மட்டும் படிப்பது முழு உரிமையோடு செய்யக்கூடிய காரியம்.

அடுத்து, மட்டம். பாடத்தின் முகப்பிலேயே முன்னதாக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி மட்டும் முடிவு செய்ய வேண்டாம். இதற்கு நம்பகமான சோதனை, முதல் வாரப் பயிற்சியைத் திறந்து பார்ப்பது. கேள்விகளே புரியாவிட்டால் பாடம் உங்களுக்கு இப்போது அதிகம், ஒரு படி கீழே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் உடனே விடை தெரிந்தால் ஒரு படி மேலே போகலாம். கேள்வி புரிகிறது, விடை தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்றால் அதுதான் உங்கள் இடம்.

எம்ஐடி தளத்தில் பாடங்களை எண்களால் குறிப்பது முதலில் குழப்பும். புள்ளிக்கு முன்னால் வருவது துறையின் எண்: 6 என்றால் மின்பொறியியலும் கணினியும், 8 என்றால் இயற்பியல், 18 என்றால் கணிதம். ஆகவே 18.06 என்பது ஒரு கணிதப் பாடம். அது கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா, எண்களைக் கட்டங்களாக அடுக்கிய அணிகளை (மேட்ரிக்ஸ்) வைத்துச் செய்யும் கணிதம். அந்த வகுப்புகள் 1999இல் படம் பிடிக்கப்பட்டவை, இன்றும் உலகமெங்கும் பார்க்கிறார்கள். ஸ்ட்ராங் 2023இல்தான் ஓய்வு பெற்றார். பழைய வீடியோ என்பதற்காக ஒரு பாடத்தை ஒதுக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அணிகளைப் பெருக்கும் முறை 1999க்குப் பிறகு மாறிவிடவில்லை. மென்பொருள் கருவிகள், மரபணுவியல், மெஷின் லேர்னிங் போன்றவற்றில் மட்டும் ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

அதே தளத்தில் ஓசிடபிள்யூ ஸ்காலர் (ஓசிடபிள்யூ என்பது ஓபன்கோர்ஸ்வேரின் சுருக்கம்) என்ற பெயரில் சில பாடங்கள் தனியாக இருக்கின்றன. மற்ற பாடங்கள் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்காகத் தயாரானவை, நடுவில் இடைவெளிகள் இருக்கும். ஸ்காலர் பாடங்கள் தனியாகப் படிப்பவர்களுக்காகவே கோர்த்துக் கொடுக்கப்பட்டவை. நுண்கணிதம், அடிப்படை இயற்பியல் போன்றவற்றைத் தொடங்க அவை பொருத்தம்.

கணிதம், அறிவியல் பக்கம் போகாதவர்களுக்கும் நிறைய இருக்கிறது. யேல் தளத்தில் ஷெல்லி கேகன் மரணத்தைப் பற்றி ஒரு முழுப் பருவத்துக்குத் தத்துவ வகுப்பு எடுக்கிறார். ஹார்வர்டில் மைக்கேல் சாண்டெல் நீதி என்றால் என்ன என்று கேட்டு அரங்கம் நிறைந்த மாணவர்களை வாதாட வைக்கிறார். யேலில் ராமமூர்த்தி சங்கர் எடுக்கும் இயற்பியல் வகுப்புகளை, இயற்பியல் பிடிக்காது என்று பள்ளியோடு விட்டவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். கொஞ்சம் கணிதம் வேண்டும், ஆனால் ஒரு சமன்பாடு ஏன் அப்படி இருக்கிறது என்பதை அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போவார்.

வீடியோ பார்ப்பது படிப்பு ஆகாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஆசிரியர் பேசும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அவர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது நாமும் தலையாட்டிக்கொண்டே போவோம். வீடியோ முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதையே எழுதிப் பார்த்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். இது நீச்சல்காரரைக் கரையிலிருந்து பார்ப்பது போலத்தான். எவ்வளவு நேரம் பார்த்தாலும் நாம் தண்ணீரில் இறங்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்களும் வகுப்பறையில் மட்டும் கற்றுக்கொள்வதில்லை. வகுப்பு முடிந்த பிறகு அந்த வாரப் பயிற்சிகளோடு மல்லுக்கட்டும்போதுதான் பாடம் மண்டையில் ஏறுகிறது. இணையத்தில் இலவசமாகப் படிக்க வருபவர்கள் முதலில் கைவிடுவதும் அதே பயிற்சிகளைத்தான். பாடத்தின் உயிரான பகுதி அதோடு போய்விடுகிறது.

இதை அழகாகக் காட்டும் ஒரு சோதனை உண்டு. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு இரண்டு பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்றை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததுதான் கொஞ்சம் அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை மாறிவிட்டது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்ததில் 42 சதவீதம். மறுபடி படிப்பது அந்த நேரத்துக்கு நம்பிக்கை தரும். நிலைத்து நிற்பது, மண்டையைக் கசக்கி வெளியே எடுத்ததுதான்.

அதனால் நான் சொல்லும் முறை இது. பயிற்சித் தாளை முதலில் திறங்கள். வீடியோ பார்ப்பதற்கு முன்பே கேள்விகளை ஒருமுறை வாசியுங்கள். விடை தெரியாவிட்டால் பரவாயில்லை, எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்தால் போதும். அப்புறம் வகுப்பைப் பாருங்கள். ஆசிரியர் ஒரு கணக்கையோ கேள்வியையோ முன்வைத்ததும் வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே முயன்று பாருங்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, அன்று கேட்டதை அரைப் பக்கத்தில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் புரியாத இடம், அங்கே மட்டும் திரும்பிப் போய்ப் பாருங்கள். பிறகு பயிற்சி. விடைத்தாளைத் திறக்கும் ஆசை வரும். ஒரு கணக்கில் குறைந்தது அரை மணி நேரமாவது முட்டி மோதாமல் திறக்காதீர்கள். திறந்து பார்த்த பிறகு, மூடிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுங்கள். சில நாட்கள் கழித்து அதே கணக்கை இன்னொரு முறை.

ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் இப்படிப் போகும். மெதுவாகத் தோன்றும். ஆனால் வாரம் ஒரு வகுப்பை இப்படிப் படிப்பவர், ஒரே வாரத்தில் முழுப் பாடத்தின் வீடியோக்களையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்து முடித்தவரைவிட எவ்வளவோ தூரம் போய்விடுவார்.

இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்றவற்றில் பயிற்சிக் கணக்கு இருக்காது. அங்கே அந்த இடத்தை மூல நூல் வாசிப்பு எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் பேசப்படும் நூலின் அந்தப் பகுதியை வகுப்பைப் பார்ப்பதற்கு முன் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, ஆசிரியர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்பதற்கு முன்பே உங்கள் கருத்தை ஒரு பக்கம் எழுதிவையுங்கள். அவர் சொல்வதோடு அது எங்கே முட்டுகிறது என்று பார்ப்பதில்தான் அந்தப் படிப்பின் சுகமே இருக்கிறது. வாசிக்காமல் வகுப்பை மட்டும் பார்த்தால் ஒரு நல்ல சொற்பொழிவு கேட்டதோடு சரி.

வீடியோவின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் பார்ப்பவர்களின் ஈடுபாடு குறைகிறது என்று அதில் தெரிந்தது. இப்போது பல பாடங்களில் வீடியோக்கள் துண்டு துண்டாக இருப்பதற்கு இதுபோன்ற ஆய்வுகளும் ஒரு காரணம். அது மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தைப் பற்றிய கணக்கு, கற்றுக்கொள்வதைப் பற்றிய கணக்கு வேறு. ஒரு வாதத்தை ஐம்பது நிமிடம் விடாமல் பின்தொடரும் பழைய வகுப்பறை வீடியோக்களுக்கு அவற்றுக்கே உரிய ஆழம் உண்டு. ஐம்பது நிமிடத்தை ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே, மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆங்கிலம் தடையா?

பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வாசிக்கத் தெரியும், வேகமாகப் பேசினால் பிடிபடாது என்ற நிலையில் இருப்பவர்கள் ஒரு பாடத்தைத் தாராளமாகப் படிக்கலாம். பல தளங்கள் வகுப்பில் பேசியதை முழுக்க எழுத்தாகவும் கொடுக்கின்றன. முதலில் அந்த எழுத்தை நிதானமாக வாசித்துவிட்டு, பிறகு வீடியோவைச் சப்டைட்டிலோடு பார்த்தால் காது பழகிவிடும். ஒரு துறையின் கலைச்சொற்கள் எண்ணற்றவை போலத் தோன்றினாலும், ஓர் அறிமுகப் பாடத்தில் திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம்தான். முதல் சில வகுப்புகளில் அவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் உங்களுக்குப் புரிந்த விளக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அகராதியைப் பார்த்து எழுதினால் பயன் குறைவு. கணினி தானாகச் செய்யும் தமிழ் மொழிபெயர்ப்புச் சப்டைட்டில்களை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கலைச்சொல் வரும் இடத்தில் அவை தவறிவிடக்கூடும் என்பதால் அங்கே மூலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைப் பக்கம் எழுதச் சொன்னேனே, அதைத் தமிழில் எழுதுவதுதான் சிறந்தது என்பேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஆசிரியர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பி எழுதிவிட முடியும். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது, புரிந்தால்தான் வாக்கியம் வரும்.

முடிக்காமல் விட்டால்?

ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் முதல் ஆண்டில் நடத்திய 17 பாடங்களின் கணக்கை வெளியிட்டன. மொத்தப் பதிவுகள் 8,41,687. சான்றிதழ் பெற்றவை 43,196, அதாவது இருபதில் ஒன்று. 2,92,852 பதிவுகளில் பாடத்தின் உள்ளடக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த எண்களைச் சொல்லி இணையப் படிப்பு தோல்வி என்று பேசுபவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. நூலகத்தில் ஒரு நூலை எடுத்து இரண்டு அத்தியாயம் வாசித்துவிட்டு வைப்பவரை யாரும் தோற்றவர் என்று சொல்வதில்லை. அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சான்றிதழ் வாங்காமலே பாடத்தின் பாதிக்கு மேல் போனவை 35,937 பதிவுகள். சான்றிதழ் பெற்றவர்களின் எண்ணிக்கைக்கு மிகப் பக்கத்தில் வருகிறது அது. அவர்கள் படிக்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் நிறுத்துவதிலும் இரண்டு விதம் உண்டு. எழுதி வைத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அல்லது இந்தத் துறை நமக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது என்றால், மனநிறைவோடு நிறுத்திவிடலாம். இன்னொரு விதம், நான்காவது வாரத்தில் கணக்குகள் கடினமானதும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு அப்படியே மறந்துபோவது. இது நிறுத்தியது ஆகாது, நழுவியது. எங்கே நழுவினீர்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அதற்கு ஒரு வாரம் முன்னால் புரியாமல் தாண்டி வந்த ஓர் இடம் இருக்கும். அங்கே திரும்பிப் போய் அந்த ஒரு வகுப்பை மட்டும் மறுபடி படியுங்கள். அல்லது அதே தலைப்பை வேறு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். ஒருவரிடம் புரியாதது இன்னொருவரிடம் சட்டென்று புரிவது அடிக்கடி நடக்கும். வளாகத்தில் படிக்கும் மாணவருக்கு இந்த வசதி அவ்வளவு எளிதில் கிடைக்காது.

நழுவாமல் இருக்கக் கெடு வைத்துக்கொள்வது சிலருக்கு உதவும். வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் என்று ஒதுக்குவது அதைவிடப் பலருக்கு உதவும். கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட நல்லது. வாரம் ஒருமுறை இருவரும் அந்த வாரக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருந்தாலே போதும், படிப்பு நிற்காது.

எதெல்லாம் கிடைக்காது

ஆய்வகம் கிடைக்காது. வேதியியலை வீடியோவில் பார்த்து அளவெடுத்துக் கலக்கும் கைப்பக்குவம் வராது. மருத்துவம் போன்றவற்றைப் புரிந்துகொள்ளப் படிக்கலாம், செய்வதற்கு அது போதாது.

இதைவிடப் பெரிய குறை, உங்கள் தவறை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதது. நிரல் எழுதும் பாடங்களில் இந்தக் குறை குறைவு. நீங்கள் எழுதிய நிரலைக் கணினியே ஓட்டிப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லிவிடும். சிஎஸ்50 இந்த அளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கணக்கில் விடைத்தாள் இருக்கிறது. கட்டுரை எழுதும் பாடங்களில்தான் சிக்கல். சக மாணவர்கள் திருத்தும் ஏற்பாடு சில தளங்களில் இருந்தாலும் அதன் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்தத் துறையை அறிந்த ஒருவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், எழுதியதில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக் கருத்துக் கேளுங்கள். மொத்தத்தையும் கொடுத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

இந்தப் படிப்பு முறையே புதிது என்பவர்கள், எதையும் தொடங்கும் முன் எப்படிக் கற்பது என்பதையே ஒரு பாடமாகப் படிக்கலாம். பார்பரா ஓக்லியும் டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கியும் கோர்செராவில் 2014 முதல் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிறிய பாடம், முன்னதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். கணினியே புதிது என்பவர்களுக்கு ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவின் அடிப்படைகளைப் பற்றி 2018 முதல் நடத்திவரும் இலவசப் பாடம் பொருத்தமாக இருக்கும். நிரல் எழுதத் தெரியாமலே அதைப் படிக்க முடியும். இவை எதிலும் ஆர்வம் இல்லை, உங்கள் கேள்வி வேறு என்றால், அந்தக் கேள்வியைத் தொடும் ஏதாவது ஒரு பாடத்தின் பாடத்திட்டத்தை மட்டும் இன்று திறந்து, அதில் எந்த வாரம் உங்களுக்கு வேண்டும் என்று பார்த்து, அந்த வாரத்தின் பயிற்சித் தாளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.